மூன்றாம் தடவை கூப்பிடாத பெயர்

அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: சட்டப் புத்தகம். எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். திருகோணமலையில் ஓர் அரச அலுவலகத்தின் நடைபாதையில் எதைச் சொன்னாலும், கையிலிருக்கிற தேநீர் ஆறுவதற்கு முன் அது உரியவரின் காதுக்கு வந்துவிடும். எனக்கு அதில் கோபமில்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்தது. லீவுக் கடிதமென்றாலும் சரி, தளபாடம் வாங்குகிற கோவையென்றாலும் சரி, எந்தச் சுற்றறிக்கை, எந்தப் பந்தி என்று கேட்காமல் நான் கையெழுத்து வைத்ததில்லை. வீட்டிலும் இதே கதைதான். லிங்கநகரில் எங்கள் குசினியில் கறிக்கு உப்புப் போடவும் நான் சுற்றறிக்கை தேடுவேன் என்று கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நான் சட்டத்துக்குப் பயந்தவள் என்று அவர்கள் எல்லோரும் நினைத்தார்கள். எனக்குப் பயம் சட்டம் இல்லாமல் இருந்த காலத்தைப் பற்றியது. நான் வளர்ந்த ஆண்டுகளில் ஒருவரை ஏன் கொண்டுபோனார்கள், எந்த விதியின் கீழ் கொண்டுபோனார்கள் என்று கேட்பதற்கு ஒரு மேசை இருக்கவில்லை. மேசை இருந்த இடத்தில் அதற்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிரவில்லை. அரச வேலை கிடைத்த அன்று எனக்குள் ஒன்றை முடிவெடுத்துக்கொண்டேன். நான் இருக்கிற மேசையில் விதி சொல்வதுதான் நடக்கும், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். அதற்காக என்னைத் திட்டியவர்களும் உண்டு, பின்னாளில் தேடிவந்து நன்றி சொன்னவர்களும் உண்டு.

இதை எழுத உட்கார்வதற்கு முன்பும் தேர்தல் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். வாக்கின் இரகசியத்தைக் காப்பேன் என்று ஒவ்வொரு தேர்தலிலும் கையெழுத்திட்டவள் நான். அந்த உறுதியை மீறாமல் இதை எழுதலாம். யார் யாருக்குப் போட்டார்கள் என்ற பேச்சே இதில் இல்லை. வாக்குச்சீட்டே கொடுக்கப்படாத ஒருவரைப் பற்றியது இது.

தேர்தல் வந்தால் அரச ஊழியர்களுக்குக் கடமைக் கடிதம் வரும். வயிற்றுவலி, மாமியாருக்குச் சுகமில்லை, பிள்ளைக்குப் பள்ளிச் சோதனை என்று பலர் மாவட்டச் செயலகமாகிய கச்சேரிப் பக்கம் ஓடுவார்கள். நான் ஓடியதில்லை. அந்தத் தடவை எனக்குக் கிடைத்தது ஒரு வாக்களிப்பு நிலையத்தின் முழுப் பொறுப்பு. பயிற்சி வகுப்பு நகரத்துப் பாடசாலையொன்றின் மண்டபத்தில் நடந்தது. மின்விசிறிச் சத்தத்துக்கு மேலாக ஓர் அதிகாரி விதிகளை வாசித்துக்கொண்டு போனார். பாதிப் பேர் தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். முதலாவது மேசையில் இருக்கும் எழுதுநர் வாக்காளரின் இலக்கத்தையும் பெயரையும் எல்லோருக்கும் கேட்கும்படி உரத்து வாசிக்க வேண்டும் என்ற இடம் வந்தபோது நான் பேனையை எடுத்துக் கோடு போட்டேன். கட்சிகளின் முகவர்கள் தங்களிடமுள்ள வாக்காளர் பட்டியலான இடாப்பில் பார்த்துக்கொள்வதற்கும், ஆட்சேபம் இருந்தால் சொல்வதற்கும்தான் அந்த விதி.

எனக்கு மிகவும் பிடித்த விதி அது. பெயரே சொல்லாமல், சாக்கைப் போர்த்திக்கொண்டு வாகனத்துக்குள் இருந்த காட்டிக்கொடுப்பவன் ஒருவன் தலையை மட்டும் ஆட்ட, ஆட்களைப் பிரித்தெடுத்த காலத்தைப் பார்த்தவள் நான். ஒருவரின் பெயரை வெளிச்சத்தில், எல்லோர் முன்னிலையிலும், உரத்து வாசி என்று ஒரு சட்டம் சொல்கிறதென்றால் அந்தச் சட்டத்தில் ஏதோ ஒரு மரியாதை இருக்கிறது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் யாராவது ஒரு பெயரை உரத்துக் கூப்பிட்டால் இப்போது என் கண் தானாக வாசலுக்குப் போகிறது.

எனக்குத் தந்த நிலையம் சம்பூர்ப் பக்கத்தில் ஒரு பாடசாலை. வாக்குப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிண்ணியாப் பாலம் கடந்து, மூதூரால் சுற்றி, பஸ் போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது. குடாவுக்கு அந்தப் பக்கம் நாங்கள் புறப்பட்ட நகரம் தெரிந்தது. கடலால் என்றால் கையெட்டும் தூரம். அந்த ஊர்ச் சனம் முழுக்க ஒரு காலத்தில் இடம்பெயர்ந்து, முகாம்களில் பல வருடம் கிடந்து, பிறகு பகுதி பகுதியாகத் திரும்பி வந்தவர்கள். பாடசாலைக் கட்டடம் புதிது. சுவர்ப் பூச்சின் மணம்கூடப் போகவில்லை. முற்றத்து வேம்பு மட்டும் பழசு, அதன் அடிமரத்தில் கருகின அடையாளம் இருந்தது.

என்னுடைய முதலாவது எழுதுநர் கிண்ணியாவைச் சேர்ந்த ஓர் ஆசிரியை. ஆரம்ப வகுப்புகளுக்குப் படிப்பித்துத் தலை நரைத்தவர், நல்ல கலகலப்பான பேச்சு. "எனக்கு வாசிக்கிற வேலையைத் தாங்க மிஸ். இடாப்புக் கூப்பிட்டுக் கூப்பிட்டே தொண்டை இரும்பாகிப் போச்சு," என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். குரல் உண்மையில் இரும்புதான். காலையில் வாக்களிப்புத் தொடங்கி முதல் பெயரை அவர் கூப்பிட்டதுமே, ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு கட்சி முகவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்பு வரிசை மெலிந்திருந்தது. அறுபது வயதை நெருங்கிய ஒரு பெண் உள்ளே வந்தார். ஒட்டிப்போன கன்னம், நன்றாகத் தோய்த்து மடித்த பச்சைச் சேலை. கையிலிருந்த பொலித்தீன் பையிலிருந்து வாக்காளர் அட்டையையும் அடையாள அட்டையையும் எடுத்து மேசையில் வைத்தார். ஆசிரியை தலை நிமிரவில்லை. காலையிலிருந்து அதே வேலைதானே, கை ஓடிக்கொண்டிருந்தது. மேலே கிடந்த வாக்காளர் அட்டையைப் பார்த்து, இடாப்பில் விரலை ஓடவிட்டு, இலக்கத்தை வாசித்தார். பிறகு பெயரை வாசித்தார்.

அது ஓர் ஆணின் பெயர். வழக்கமாகப் பெயர் வாசித்ததும் வந்தவர் "ஓம்" என்று சொல்லி அடுத்த மேசைக்கு, விரலில் மை பூசுகிற இடத்துக்கு நகர்வார். அன்று ஒருவரும் நகரவில்லை, பதிலும் வரவில்லை. ஆசிரியை வகுப்பில் இருக்கிற ஞாபகத்திலேயே இருந்திருக்க வேண்டும். தலையை இடாப்பிலிருந்து எடுக்காமல் அதே பெயரை இரண்டாம் தடவை, இன்னும் உரத்து, கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிட்டார். கடைசி வாங்கில் இருந்து கதைத்துக்கொண்டிருக்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற குரல் அது.

அந்தக் குரல் அறையை நிரப்பிக்கொண்டு வாசலால் வெளியே போனது. முகவர்கள் இருவரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். காவலுக்கு நின்ற பொலிஸ்காரரும் திரும்பினார். பச்சைச் சேலை உடுத்த அந்தப் பெண்ணும் திரும்பினார். வாசலில் வரிசையில் நின்ற சனம், ஒருவரும் சொல்லாமலே, இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது. ஒருவர் வருகிறார் என்றால் எப்படி வழிவிடுவார்களோ அப்படி. திறந்த வாசலுக்கு வெளியே முற்றமும் தண்ணீர்த் தாங்கியும் வேம்பும் வெயிலில் கிடந்தன. ஒருவரும் வரவில்லை. ஆனால் ஒதுங்கினவர்கள் பழைய இடத்துக்கு வர நேரமெடுத்தது. 

ஆசிரியை மூன்றாம் தடவைக்கு மூச்சை இழுத்தார். நான் கையைத் தூக்கினேன்.

"டீச்சர், போதும்."

அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியது விதி மட்டும்தான். நேரில் சமுகம் தந்த வாக்காளரின் பெயரைத்தான் வாசிக்கலாம், வராத ஒருவரின் பெயரை இப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருக்க இடமில்லை. ஆள் மாறாட்டம் என்று ஒரு முகவர் வாயைத் திறந்தால் இந்தப் பெண்ணைப் பொலிஸிடம் கொடுக்க வேண்டி வரும் என்ற பயமும் இருந்தது. எழுந்து முதல் மேசைக்குப் போனேன். அந்தப் பெண் வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அவன் வரேல்ல, பிள்ளை. என்ட காட் அடியில கிடக்கு."

இரண்டு வாக்காளர் அட்டைகள் பொலித்தீன் பைக்குள் கிடந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. மேலே இருந்தது அவருடைய மகனின் அட்டை, கீழே அவருடையது.

"மகன்ட காட்டை ஏன் அம்மா கொண்டு வந்தனீங்கள்?"

"அவன் நேர இங்க வந்திட்டானெண்டா? காட் இல்லையெண்டு திருப்பி அனுப்பிப் போடுவீங்கள்தானே."

எனக்கு உடனே வந்தது விதிதான். எந்த இடத்தில் எதைச் சொல்வது என்று யோசிக்காத வாய் எனக்கு.

"காட் இல்லாட்டியும் பரவாயில்லை. அடையாள அட்டை இருந்தாக் காணும்."

"அது அவனிட்டத்தான் கிடக்கு," என்றார் அவர்.

அதற்குப் பிறகு முகவர்கள் பக்கம் திரும்பி, ஆட்சேபம் ஏதும் உண்டா என்று கேட்டேன். அது நான் கேட்டாக வேண்டிய கேள்வி. காலையிலிருந்து ஒரு கதிரையை எங்கே போடுவது என்பதற்குக்கூடச் சண்டை பிடித்தவர்கள் இருவரும். மூத்தவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒண்டுமில்ல மிஸ்," என்றார். மற்றவர் தலையை மட்டும் அசைத்தார். ஆசிரியை இன்னும் அந்தப் பெயருக்கு நேரே கோடு இழுத்திருக்கவில்லை. தாயின் அட்டையை எடுத்து, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற அளவில் வாசித்தார். நான் அதைத் திருத்தவில்லை. அந்தப் பெண் வாக்களித்துவிட்டு, இரண்டு அட்டைகளையும் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

சாப்பாட்டு நேரத்தில் ஊரார் ஜீ.எஸ் என்கிற கிராம உத்தியோகத்தரைப் பிடித்தேன். எங்களுக்கு உதவிக்கு அன்று முழுக்க அவர் அங்கேதான் நின்றார். வேம்பின் கீழே சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்த மனிதர், நான் கேட்பதற்கு முன்பே கதையைத் தொடங்கினார். சனம் இடம்பெயர்ந்து ஓடின நேரம், கட்டையில் நிற்கிற மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனவனாம். தாய் பாதையோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். மாடு வந்தது, மகன் வரவில்லை.

"வருசா வருசம் இடாப்புத் திருத்த வீட்டுக்குப் போறனான், மிஸ். வீட்டில இருக்கிற ஆக்களைத்தான் பதியலாம் எண்டு சொல்லுவன். 'அவன் வெளியில போயிருக்கிறான், எழுதுங்கோ' எண்டு சொல்லுவா. தற்காலிகமா வெளியில போன ஆளை வெட்ட ஏலாதுதானே. சரி எண்டு விட்டிடுவன்."

"இவ்வளவு காலமுமோ?"

"தற்காலிகம் எண்டா எவ்வளவு காலம் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல," என்றார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, பார்வையைத் தூக்காமல் கேட்டார்: "நீங்க இதை எழுதப்போறீங்களோ, மிஸ்?"

கேள்வியின் பாரம் எனக்கு விளங்கியது. வாக்களிப்பு நிலையத்தில் நடந்த வழமைக்கு மாறான எதையும் பொறுப்பதிகாரி அன்றைய குறிப்பில் பதிய வேண்டும். நான் பெயரோடு எழுதினால் விசாரணை வரும். இல்லாதவரை இருக்கிறவராகப் பதிவித்தது குற்றம். தாய்க்கும் கடிதம் போகும், இவருக்கும் போகும். எல்லாவற்றுக்கும் முதலில் அந்தப் பெயர் வெட்டப்படும். இந்த நாட்டில் அவன் இருக்கிறான் என்று சொல்கிற ஒரே இடம் அந்த இடாப்புத்தான். அதில் கோடு விழுந்தால், தாயைப் பொறுத்தவரை அரசாங்கமே அவனைச் செத்தவன் என்று சொன்னதாகிவிடும். நான் எழுதாமல் விட்டாலோ, நான் யார்?

வாக்களிப்பு முடிந்து, பெட்டிக்கு முத்திரையிட்டு, மீந்த சீட்டுகளைக் கட்டிய பிறகு குறிப்பை எழுதினேன். முதலாவது எழுதுநர் தவறுதலாக ஓர் இலக்கத்தை வாசித்தார், அந்த வாக்காளர் சமுகமளித்திருக்கவில்லை, வாக்குச்சீட்டு வழங்கப்படவில்லை, முகவர்கள் ஆட்சேபிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. சமுகமளிக்காதவர்கள் அன்று நிறையப் பேர். கட்டாரில் இருப்பவர்கள், கொழும்பில் வேலை செய்பவர்கள், காய்ச்சலில் கிடந்தவர்கள், வாக்களித்து என்ன கண்டோம் என்று வீட்டிலேயே இருந்தவர்கள். அவர்கள் நடுவே அவனும் ஒருவன். விதி கேட்டது அவ்வளவுதான், நான் கொடுத்ததும் அவ்வளவுதான். கிராம உத்தியோகத்தர் பக்கத்தில் நின்று வாசித்துவிட்டு, தன் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆசிரியை என் பக்கத்தில் இருந்தார். கலகலப்பெல்லாம் போய்விட்டிருந்தது. கிண்ணியா நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"நீங்க கையைத் தூக்காட்டி மூண்டாந்தரமும் கூப்பிட்டிருப்பன், மிஸ். பள்ளியில அப்பிடித்தான் பழக்கம். மூண்டு தரம் கூப்பிட்டும் பதில் இல்லையெண்டாத்தான் வரேல்ல எண்டு போடுவம்." பிறகு, "அந்தப் பேர் இன்னும் என்ட வாயில நிக்குது," என்றார்.

அவருடைய வாயில் எவ்வளவு காலம் நின்றதோ தெரியாது. என் காதில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. அது அபூர்வமான பெயருமல்ல. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் தாதி நோயாளரைக் கூப்பிடும்போது வரும். தபால் கந்தோரில் வரும். பாடசாலை விளையாட்டுப் போட்டியில் ஒலிபெருக்கியில் வரும். ஒவ்வொரு தடவையும் நான் திரும்பி வாசலைப் பார்ப்பேன். உரியவர் எழும்பி "ஓம்" என்று சொல்லும் வரைக்கும் கண்ணை எடுக்க மாட்டேன். ஒருநாள் வங்கியில் அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள், ஆள் கழிப்பறைக்குப் போயிருந்தாராம், பதில் வரவில்லை. வந்த வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து பஸ் நிலையம் வரைக்கும் நடந்தேன். யாரைத் தேடுகிறாய் என்று கணவர் பல தடவை கேட்டிருக்கிறார். சொன்னேன். சிரிக்க வாயெடுத்தவர் சிரிக்கவில்லை.

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. சிறு வயது முதல் ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவள், செத்தவர்கள் எங்கே போவார்கள் என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். செத்தார்களா இல்லையா என்று தெரியாதவர்கள் எங்கே போவார்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அந்த வாசலில் சனம் வழிவிட்டு நின்றதே, அந்த இடைவெளிதான் என்னைப் பயமுறுத்தியது. அதற்குள்ளால் யாரோ வந்திருக்கலாம், கூப்பிட்ட பிறகு வேண்டாமென்று திருப்பி அனுப்பியவள் நானாக இருக்கலாம் என்று சில நாட்களில் மனம் சொல்லும். அரச வேலையில் இத்தனை காலம் இருந்து நான் எடுத்த எந்தத் தீர்மானமும் என்னை இப்படிப் படுத்தவில்லை.

தொற்றுக் காலம் வந்து போனது. நாடு பெற்றோல் வரிசையில் நின்ற காலமும் போனது. எனக்கு ஓய்வுபெறும் வயது நெருங்கிய நேரத்தில் இன்னொரு பெரிய தேர்தல் வந்தது. கடமைக் கடிதத்தில் அதே பாடசாலை. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கலாம், மற்றவர்கள் கேட்பதுதானே. கேட்கவில்லை.

அங்கே போய் இறங்கியதும் பெட்டியைப் பார்க்கவில்லை, சீட்டுகளை எண்ணவில்லை, இடாப்பைத்தான் திறந்தேன். தாயின் பெயர் இருந்தது. அதற்கு அடுத்த இலக்கத்தில் வேறு வீட்டுக்காரர் இருந்தார். மகனின் பெயரைக் காணவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அதே கிராம உத்தியோகத்தர்தான், வயிறு கொஞ்சம் தள்ளியிருந்தது. அவரைச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போய், யார் சொல்லி வெட்டினீர்கள் என்று கேட்டேன். சட்டப்படி அவர் செய்ய வேண்டியதைச் செய்ததற்காக ஒரு மனிதரை நான் திட்டிய ஒரே நாள் அது.

"நான் வெட்டேல்ல, மிஸ். என்ட கையால வெட்டுறதெண்டா எப்பவோ வெட்டியிருக்கலாம்." அவருக்கும் குரல் உயர்ந்தது. "அவவேதான் வந்தவ. உச்சி வெயிலுக்குள்ள கந்தோருக்கு நடந்து வந்து, 'என்ட மகன்ட பேரை எடுத்துவிடுங்கோ' எண்டு சொன்னவ. யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டனான். ஏன் எண்டு இண்டு வரைக்கும் சொல்லேல்ல."

என் கோபம் அப்படியே என் மேலே திரும்பியது. எல்லோர் முன்னாலும் கூப்பிட்டோம், அவன் வரவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை விட்டுப்போயிருக்கிறது என்று விளங்கிக்கொண்டேன். எத்தனையோ வருடம் ஒரு கிராம உத்தியோகத்தர் விதியை வளைத்துக் காப்பாற்றி வைத்திருந்ததை, நாங்கள் விதிப்படி உரத்து வாசித்து முடித்துவிட்டோம். எனக்கு அழுகை வந்தது. அடுத்த நாள், வாக்களிப்பு நாள் காலையில், என் முகத்தைப் பார்த்த, எனக்கு உதவியாக வந்திருந்த இளநிலை அதிகாரி, தண்ணீர் வேண்டுமா மிஸ் என்று கேட்டார்.

அந்தத் தாய் வெயில் ஏறின பிறகு வந்தார். அதே பொலித்தீன் பை, உள்ளே ஒரே ஒரு வாக்காளர் அட்டை. இந்தத் தடவை முதல் மேசையில் வேறொருவர். பெயர் வாசிக்கப்பட்டது. "ஓம்," என்றார். வாக்களித்துவிட்டு வெளியே போனவர் படலைப் பக்கம் போகாமல், தண்ணீர்த் தாங்கியின் நிழலில் சீமெந்துக் கட்டின் மேல் இருந்தார். இளநிலை அதிகாரியை என் இடத்தில் இருத்திவிட்டு நான் வெளியே போனேன்.

"அம்மா, என்னை நினைவிருக்கோ?"

"நினைவில்லாம? கையைத் தூக்கின மிஸ்தானே." என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் எதிர்பார்த்திருந்த முகம் அதுவல்ல.

"மகன்ட பேரை எடுத்துப் போட்டீங்களாம்."

"ஓம்."

"நாங்க அண்டைக்குக் கூப்பிட்டதாலயோ?"

அவர் தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அவனுக்காக வழக்கெண்டு நான் கோட்டுக்கு எத்தினை தரம் அலைஞ்சனான் தெரியுமோ, பிள்ளை," என்றார். "அங்க வாசல்ல நிண்டு ஆளைக் கூப்பிடுவினம். மூண்டு தரம். மூண்டு தரமும் வராட்டி, வரேல்ல எண்டு எழுதி முடிச்சுப் போடுவினம். பிறகு ஆள் ஓடி வந்து நிண்டாலும் ஒண்டும் செய்ய ஏலாது. எத்தினை பேர் அப்பிடி வாசல்ல நிண்டு அழுததைக் கண்டிருக்கிறன். அண்டைக்கு இங்க ரெண்டு தரம் கூப்பிட்டாச்சு. மூண்டாந்தரத்துக்கு அந்த டீச்சர் வாயைத் திறந்தவ. எனக்கு உயிரே போச்சு. நீங்க கையைத் தூக்கினீங்கள்."

நான் என் கையைப் பார்த்தேன்.

"பிறகு நித்திரையில்ல. இன்னொரு தேர்தல் வரும், இன்னொரு டீச்சர் வருவா. பேர் அதில கிடந்தா எப்பிடியும் ஒருநாளைக்குக் கூப்பிட்டுப் போடுவினம். எல்லா நேரமும் கையைத் தூக்க நீங்க வருவீங்களோ? அதுதான் ஜீ.எஸ்ஸிட்டப் போய் எடுக்கச் சொன்னனான்." என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். "அதில இல்லாத பேரை இனி ஒருத்தராலயும் கூப்பிட ஏலாதுதானே? சட்டம் அப்பிடித்தானே?"

வாழ்நாளில் என்னிடம் கேட்கப்பட்ட சட்டக் கேள்விகளில், பதில் தெரிந்தும் சொல்ல நான் தயங்கியது இது ஒன்றுக்குத்தான்.

"ஓம் அம்மா. இடாப்பில இல்லாத பேரை ஒருத்தரும் வாசிக்க ஏலாது."

"அப்ப சரி. அவன் ஆறுதலா வரட்டும்," என்றார்.

நான் அன்று கையைத் தூக்கியது அவனுக்காக அல்ல என்பதைச் சொல்ல நினைத்தேன். அதற்குள் உள்ளே ஒரு பெயரை வாசித்தார்கள், இருவரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தோம். யாரோ "ஓம்" என்றார்கள். அவர் எழும்பிச் சேலையைத் தட்டிக்கொண்டார். இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"உங்களுக்கு அந்தப் பேர் நினைவிருக்கோ?"

"ஓம்."

"வாய் தவறியும் சொல்லிப் போடாதேங்கோ, பிள்ளை."

இதில் மற்றவர்களின் பெயர்களை நான் எழுதாததற்குச் சட்டம் காரணம். அந்த ஒரு பெயரை எழுதாததற்கு அவர் காரணம். ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறேன், என் கையெழுத்துக்கு இனி வேலையில்லை. பகலில் வீட்டில் தனியாக இருக்கும்போது சில நாட்களில் அந்தப் பெயர் தொண்டை வரைக்கும் வந்து நிற்கும். திறந்து கிடக்கிற வாசலைப் பார்த்துக்கொண்டே அதை விழுங்கிவிடுவேன்.